மூன்றாம் வாரத்து அழுகை

கவிதா போன மாதம் போன் செய்தாள். என்னிடம் களப்பணி கற்ற பெண். இப்போது மும்பை செம்பூரில் நான் வேலை பார்த்த அதே கல்லூரியில், அதே கவுன்சலிங் துறையில், நான் உட்கார்ந்த அதே ஆட்டம் காணும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"மேடம், இனிமே ஃபர்ஸ்ட் இயர் பசங்கள தாராவிக்கெல்லாம் அனுப்பப் போறதில்ல. கம்ப்யூட்டர்லயே ஒரு கிளையண்ட் ரெடி பண்றாங்க. அது பேசும், அழும், கோவிச்சுக்கும். அதுகிட்ட பேசிப் பழகிக்கலாம். மழை இல்ல, லோக்கல் ட்ரெயின் இல்ல, ஏக்தம் ஸேஃப், பயமே இல்ல" என்றாள்.

சந்தோஷம் என்றேன். வேறு என்ன சொல்வது? முப்பத்தொரு வருஷம் ஜூன் மாத மழையில் பிள்ளைகளைச் சந்து சந்தாக நடத்திக் கூட்டிப்போனவள் நான். என் முழங்கால் இரண்டும் அதைத் தினமும் காலையில் எனக்கு நினைவுபடுத்துகின்றன. இனி வருகிற பிள்ளைகளின் முழங்காலாவது பிழைக்கட்டும்.

பிறகு விஷயத்துக்கு வந்தாள். கம்ப்யூட்டர் கிளையண்டுக்குப் பேச்சு கற்றுக்கொடுக்கப் பழைய களப்பணிப் பதிவுகள் வேண்டுமாம். "உங்க செல்வக்கனி ஃபைல்ஸ் இருக்குல்ல மேடம், ஒம்பது வருஷம். அதுதான் பெஸ்ட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க ஒரு லெட்டர் குடுத்தா போதும். அப்படியே உங்க எக்ஸ்பீரியன்ஸ் பத்தி ஒரு ஆர்ட்டிகிளும் எழுதிக் குடுங்க."

கடிதம் கொடுக்கப்போவதில்லை. கட்டுரை இதுதான். தமிழில் எழுதுகிறேன். கவிதா தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். மெதுவாகவே படிக்கட்டும். இதில் வருகிறவர்களின் பெயர், சந்து, தொழில் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். ஒரு நோய் வருகிறது. அதன் பெயரை எழுதவே போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாட்டுங்காவில் வளர்ந்தேன். அப்பா கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் இருந்தார். கவுன்சலிங்கில் எம்.ஏ. சேரப்போகிறேன் என்றபோது, "பேசறதுக்கு ஒரு டிகிரியா?" என்று கேட்டார். கேட்பதற்கு என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது அது தெரியாது. இரண்டு வருஷம் படித்தேன், நான்கு வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன், பிறகு கல்லூரியில் களப்பணி மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். பேராசிரியர்கள் வகுப்பில் பாடம் நடத்துவார்கள். பிள்ளைகளை உண்மையான மனிதர்களின் வீட்டுக்குக் கூட்டிப்போய் விட்டு, அவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடுவது என் வேலை. தேர்வெல்லாம் தேறியிருந்தாலும் களப்பணியில் தவறினால் பட்டம் கிடையாது. இன்னொரு வருஷம் படிக்க வேண்டும்.

முறை இப்படி. செவ்வாயும் வியாழனும் மாணவி களத்துக்கு, கிளையண்ட் என்று நாங்கள் சொல்கிறவரின் வீட்டுக்கு, போவாள். அன்றைக்கே, பேச்சு மறப்பதற்குள், பதிவு எழுத வேண்டும். தாளில் இரண்டு கோடு இழுத்து மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் பத்தியில் கிளையண்ட் சொன்னதும் இவள் சொன்னதும், சொல்லுக்குச் சொல். இரண்டாவதில் அந்த நேரம் இவள் மனதில் ஓடியது. மூன்றாவது எனக்கு. வெள்ளிக்கிழமை முக்கால் மணி நேரம் அவளும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து அதைப் பேசுவோம். ஏப்ரலில் கிளையண்டிடம் முறையாக விடைபெற வேண்டும். விடைபெறுவதற்கும் மதிப்பெண் உண்டு. அதன்பின் அந்த வீட்டுக்குப் போகக்கூடாது. ஜூனில் அதே வீட்டுக்குப் புதிதாகப் போகிற பெண்ணின் கையில் பழைய ஃபைலைக் கொடுத்து, "படிச்சுட்டு வா" என்பேன். இந்தக் கடைசி ஏற்பாடு நான் கொண்டுவந்தது. கிளையண்ட் வருஷா வருஷம் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டாமே என்ற நல்லெண்ணம். அதைப் பற்றி ஒரு கருத்தரங்கில் கட்டுரை படித்துக் கைதட்டல்கூட வாங்கினேன்.

துறைத் தலைவர் குல்கர்ணி மேடம். ஒல்லியான, வெளிர்நிறப் பருத்திப் புடவை கட்டிய மராட்டிப் பெண்மணி. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எங்கள் எல்லாருடைய ஃபைல்களும் வருஷத்தில் இரண்டு முறை அவர் மேஜைக்குப் போகும். பச்சைப் பென்சிலால் படிப்பார். திருத்த மாட்டார், குறிப்பு எழுத மாட்டார். ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி மட்டும் போடுவார். என்ன கேட்கிறார் என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். போய்க் கேட்டால், "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்பார். ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்து அவர் பேசியதைத் தமிழில் எழுதும்போது கொஞ்சம் விறைப்பாகத்தான் வருகிறது. ஆளும் கொஞ்சம் அப்படித்தான். இன்னொரு பழக்கம், மேற்பார்வையாளர் போட்ட மதிப்பெண்ணை அவர் மாற்றவே மாட்டார். "பார்த்தவர் நீங்கள்" என்பார். அதை மரியாதை என்று நினைத்து வருஷக்கணக்காகப் பூரித்திருக்கிறேன்.

துறையில் தமிழ் தெரிந்த மேற்பார்வையாளர் நான் ஒருத்திதான். தமிழ் பேசுகிற மாணவிகள் வருஷத்துக்கு ஒருவரோ இருவரோ வருவார்கள். அவர்களில் ஒருத்தியைத் தவறாமல் செல்வக்கனி வீட்டுக்கு அனுப்புவேன். தாராவியில் மெயின் ரோட்டிலிருந்து மூன்றாவது கல்லி, தரைத்தளத்தில் ஒரே அறை. சந்தில் வம்பு கிடையாது. செல்வக்கனி திசையன்விளைப் பக்கத்துக்காரி. வீட்டிலேயே பைகளுக்கு ஓரம் தைப்பாள். வீட்டில் பெரும்பாலும் இருப்பாள், டீ கொடுப்பாள், பிள்ளைகளைக் கழிவறைக்குக் கூட்டிப்போய்க் காவல் நிற்பாள். களப்பணி பார்த்தவர்களுக்குத் தெரியும், இதெல்லாம் எவ்வளவு பெரிய விஷயம் என்று.

எல்லாவற்றுக்கும் மேல், அவளுக்குச் சொல்ல ஒரு துயரம் இருந்தது. கணவன் அடித்துவிட்டு இன்னொருத்தியோடு போய்விட்டான், பெண் குழந்தையோடு தனியாக நிற்கிறாள். முதல் வாரம் "ஒண்ணுமில்ல புள்ள, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். இரண்டாம் வாரம் கண் கலங்கும். மூன்றாம் வாரம் அழுவாள். பதிவுகளில் அந்த அழுகை பக்கம் பக்கமாக வரும். நவம்பரில் மெதுவாகத் தேறுவாள். மார்ச்சில், "உன்ட்ட சொன்ன பொறவுதான் மனசு லேசாச்சு புள்ள" என்பாள். ஒன்பது வருஷம், ஒன்பது பெண்கள். எல்லாரும் நல்ல மதிப்பெண்ணோடு தேறினார்கள். அவர்களில் கவிதாவும் ஒருத்தி.

ஒன்பது வருஷமும் மூன்றாம் வாரத்தில்தான் அழுகை வருகிறது என்பது என் கண்ணில் படவில்லை. பட்டதோ என்னவோ, பிள்ளைகள் நன்றாகப் பழகுகிறார்கள், என் பயிற்சி அப்படி என்று எடுத்துக்கொண்டிருப்பேன்.

பத்தாவதாக வந்தவள் ஷமீமா. மேலப்பாளையத்துக் குடும்பம். தகப்பனாருக்குத் தாராவியில் பை தைக்கும் சின்ன ஒர்க்‌ஷாப், குடியிருப்பது மான்குர்த்தில். வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள். அட்மிஷன் நாளன்று தகப்பனார் என்னிடம் வந்து, "மேடம், ரெண்டே வருசம். அதுக்கு மேல கேக்கக்கூடாதுன்னு சொல்லித்தான் விட்டிருக்கேன். பொறவு நிக்காஹ்" என்றார். கண்டிப்பானவர் இல்லை. அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான். ஆக ஷமீமாவுக்கு ஒரு வருஷம்கூட வீணாகக் கூடாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இரண்டாம் வருஷக் களப்பணிக்கு அவளைச் செல்வக்கனி வீட்டுக்கு அனுப்பினேன். முதல் நாள் நானே கூட்டிப்போய் அறிமுகம் செய்துவிட்டுத் திரும்பினேன். முதல் வாரப் பதிவு அரைப் பக்கம் இருந்தது. இரண்டாவது வாரம், "இன்று அதிகம் பேசவில்லை. நூல் பிரித்துக் கொடுத்தேன்." மூன்றாவது வாரம், "பைக்கு ஓரம் தைக்கக் கற்றுக்கொண்டேன். கிளையண்ட் சிரித்தார்." அழுகை இல்லை. நான்காம் வாரமும் இல்லை. நடுப்பத்தியில் மனதில் ஓடியது என்று ஒரு வரி, சில சமயம் அதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை உட்கார வைத்துக் கேட்டேன். "என்னம்மா, பேச்சே குடுக்க மாட்டேங்கறாங்களா? உனக்கு முன்னாடி போன எல்லார்கிட்டயும் மனசு விட்டுப் பேசினவங்க. ஃபைல் படிச்சியா?"

"படிச்சேன் மேடம்."

"அப்ப அதுல இருந்து ஆரம்பிச்சுக் கேக்க வேண்டியதுதானே. வீட்டுக்காரர் விஷயம்?"

"கேக்கல மேடம்."

"ஏன்?"

"கேக்கத் தோணல மேடம்."

மூன்றாவது பத்தியில் எழுதினேன்: நல்லுறவு உருவாகவில்லை, மாணவி தயங்குகிறாள். பழைய ஃபைலையும் அவள் ஃபைலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தலையணை மாதிரி இருந்தது, இன்னொன்று அப்பளம் மாதிரி இருந்தது.

ஜனவரியில் நான் சொல்லாமல் கொள்ளாமல் களத்துக்குப் போனேன். அதுவும் என் வேலைதான். பிள்ளைகள் போகாமலே பதிவு எழுதுகிற வழக்கம் எல்லாக் காலத்திலும் உண்டு. ஒரு செவ்வாய்க்கிழமை. வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டேன், வெளியே போயிருக்கிறார்கள் என்றார்கள். அடுத்த செவ்வாயும் போனேன். அன்றும் பூட்டு. இரண்டு நாளுக்கும் ஷமீமாவின் பதிவு என் கைக்கு வந்தது. "கிளையண்டுடன் நான்கு மணி நேரம். பேச்சு குறைவு."

அந்த வெள்ளிக்கிழமையை என்னால் மறக்க முடியவில்லை. மறக்கத்தான் பார்க்கிறேன்.

"செவ்வாக்கிழமை எங்க இருந்தே?" என்றேன்.

"அக்காகூட மேடம்."

"வீடு பூட்டியிருந்துதே. நான் போயிருந்தேன். ரெண்டு வாரமும்."

முகம் மாறியது. "வெளிய போயிருந்தோம் மேடம்."

"எங்க?"

மேஜை மேலிருந்த குண்டூசி டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷமீமா, நான் உன் சூப்பர்வைசர். கிளையண்ட் விஷயத்த வெளில சொல்லக்கூடாது, சரி. ஆனா எங்கிட்ட சொல்லலாம். சொல்லியாகணும். அதுதான் ரூல்."

"உங்ககிட்ட சொன்னா ஃபைல்ல எழுதணும்ல மேடம்?"

"ஆமா. எழுதித்தான் ஆகணும்."

"அப்ப வேணாம் மேடம்."

அவ்வளவுதான் சொன்னாள். பணிவாகத்தான் சொன்னாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. இவள் போகவே இல்லை, போகாததை ஒப்புக்கொள்ளத் துணிச்சலும் இல்லை, எனக்கே சட்டம் பேசுகிறாள் என்று நினைத்தேன். செல்வக்கனியிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மாணவியைப் பற்றிக் கிளையண்டிடம் விசாரிப்பது மரியாதையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மரியாதை எனக்கு எப்போதுமே கைவசம் இருந்தது.

ஏப்ரலில் மதிப்பீட்டுப் படிவம் எழுதினேன். நல்லுறவு: போதாது. பதிவு எழுதும் திறன்: போதாது. நேர்மை என்ற தலைப்பின் கீழ், "மாணவி எதையோ மறைக்கிறாள், இரண்டு நாள் வருகை சந்தேகத்துக்குரியது" என்று எழுதி, தேர்ச்சி இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

படிவம் குல்கர்ணி மேடத்திடம் போய்த் திரும்பியது. "எதையோ மறைக்கிறாள்" என்ற வரியின் ஓரத்தில் பச்சைக் கேள்விக்குறி. இந்த முறை அவரே கூப்பிட்டு அனுப்பினார். இருபது வருஷத்தில் அவர் அப்படிக் கூப்பிட்டது இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ.

"இந்தப் பெண் யாருக்காக மறைக்கிறாள்?" என்று கேட்டார்.

"தனக்காகத்தான் மேடம். களத்துக்குப் போகவில்லை, அதை மறைக்கிறாள்."

"ஒரு வருஷம் முழுவதும் ஓரம் தைக்கக் கற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறாள். போகாதவள் இதைவிட நல்ல கதையாக எழுதியிருப்பாளே?"

எனக்குக் கோபம் வந்தது. "மற்ற ஒன்பது பேரிடமும் அந்தப் பெண்மணி அழுதிருக்கிறார் மேடம். இவளிடம் மட்டும்தான் அழவில்லை" என்றேன்.

குல்கர்ணி மேடம் ஃபைலை மூடி என் பக்கம் மெதுவாகத் தள்ளினார். "பார்த்தவர் நீங்கள். மதிப்பெண் உங்களுடையது."

அவர் மேஜையில் ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். போய் அந்தப் பெண்மணியைக் கேட்டுவிட்டு வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருடைய பண்பாட்டுக்கும் என்னுடைய ஆங்காரத்துக்கும் நடுவில் ஒரு பெண்ணின் படிப்பு போயிற்று. அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரியும். ஆனாலும் எனக்கு அவர்மேல் வருத்தம் உண்டு.

ஷமீமா தேறவில்லை. அழுதுகொண்டு வந்து நிற்பாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டதாக நூலகர் சொன்னார்.

ஜூன் வந்தது. பதினோராவது பெண்ணைக் கூட்டிக்கொண்டு செல்வக்கனி வீட்டுக்குப் போனேன். அவளைப் பார்த்ததும் திடுக்கென்றது. பாதியாக இளைத்திருந்தாள். புடவைத் தலைப்பை இறுக்கமாகப் போர்த்தியிருந்தாள். ஆனால் முகம் தெளிவாக இருந்தது. என்னை உட்காரச் சொல்வதற்கு முன்பே கேட்டாள். "மேடம், ஷமீமா பாஸாயிட்டுதா?"

"இல்லைம்மா" என்றேன்.

தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். புதுப் பெண்ணைப் பார்த்து, "புள்ள, செத்த நேரம் வெளிய நில்லு" என்றாள். கதவைச் சாத்தினாள். பிறகு சொன்னாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷத்தில் நான் மனதுக்குள் எழுதிவைத்த ஒரே பதிவு இது.

"மேடம், எங்க வீட்டுக்காரவுக போனது நெசம். போயி எட்டு மாசத்துல திரும்பி வந்துட்டாக. அந்த மொத வருசம் வந்த புள்ளகிட்ட நான் அழுததெல்லாம் நெசம். மறு வருசம் இன்னொரு புள்ள வருது. கையில ஃபைலு. 'நீங்கதான புருஷன் வுட்டுட்டுப் போன அக்கா'ன்னு கேக்குது. நான் என்ன சொல்ல? அவுக வந்துட்டாகன்னு சொன்னா அந்தப் புள்ளைக்கு எழுத ஒண்ணும் இல்லாமப் போயிரும்லா. பாவம், வேர்த்து விறுவிறுத்து வந்து நிக்குது. சரின்னு அழுதேன். பொறவு வருசா வருசம் அதே. மூணாவது வாரம் அழுதா அதுகளுக்குச் சந்தோசம். செவ்வாயும் வியாழனும் புள்ளைய வார நேரத்துக்கு அவுகள டீக்கடைக்கு அனுப்பிருவேன். பேப்பர் படிச்சிட்டு இருந்துட்டு வருவாக."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை.

"ஷமீமா வந்த அன்னைக்கு, நீங்க வுட்டுட்டுப் போனீகளே, அந்தால கண்ணாடிய மறந்துட்டேன்னு அவுக உள்ள வந்துட்டாக. இந்தப் புள்ளயப் பாத்து, 'நீ நம்ம மொதலாளி மவள்லா'ங்காக. அவுக ராத்திரி வேல பாக்கதே ஷமீமா வாப்பாவோட பை தைக்கிற கடையில. பொறவு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அழ? அந்தப் புள்ள ஒரு வார்த்த கேக்கல மேடம். அடுத்த தடவ வந்து நூலப் பிரிச்சுக் குடுத்துக்கிட்டு உக்காந்துச்சு. மாசக்கணக்கா அப்படியே உக்காந்துச்சு. நானாத்தான் ஒரு நாளு சொன்னேன், ஒடம்புல இப்படி ஒண்ணு இருக்கு, ஒரு வருசமா யாருட்டயும் காட்டல, மவளுக்கு மாப்பிள்ள பேசிட்டு இருக்காக, இதே கல்லியில, தாயி நோயாளின்னு தெரிஞ்சா முடிஞ்சுதுன்னு. 'யாருட்டயும் சொல்லமாட்டேன், ஆனா நீங்க எங்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும்'னு சொல்லிச்சு. செவ்வாக்கெழம செவ்வாக்கெழம கூட்டிட்டுப் போயி லைன்ல நிக்கும். மே மாசம் ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டு ஆப்பரேசன் பண்ணிக்கிட்டேன். இன்னும் ஆறு மாசம் கழிச்சு வந்திருந்தா ஒண்ணும் செய்ய முடியாதுன்னு டாக்டர் சொன்னாக. மேடத்துட்ட மட்டும் சொல்லிராதன்னு நாந்தான் அதுட்ட சத்தியம் வாங்குனேன். உங்கட்ட சொன்னா ஃபைல்ல ஏறிரும், அடுத்த வருசம் வார புள்ள வாசல்ல நின்னு, 'நீங்கதான அந்த நோயிக்கார அக்கா'ன்னு கேக்கும்லா மேடம்."

வெட்கமாக இருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. வெளியே நின்ற பெண்ணை அழைத்துக்கொண்டு கல்லூரிக்குத் திரும்பினேன். அந்த வீட்டுக்கு அதன்பின் யாரையும் அனுப்பவில்லை. அந்த ஒன்பது ஃபைல்களையும் கம்ப்யூட்டருக்குக் கொடுக்க முடியாது கவிதா. நீ நெஞ்சு உருகி எழுதியதும் அதில் ஒன்று. உன்மேல் தப்பில்லை, உன்னை அங்கே அனுப்பியவள் நான்.

குல்கர்ணி மேடத்திடம் போனேன். விவரம் சொல்லவில்லை. "நான் போட்ட மதிப்பெண் தவறு. திருத்த வேண்டும்" என்றேன். அவர் அலமாரியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். மேற்பார்வையாளர் தன் தவறை ஒப்புக்கொண்டு, காரணத்தை விளக்கி, ஆதாரம் இணைத்துக் கொடுக்க வேண்டும். ஐந்து பேர் குழு படிக்கும், பிறகு பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவு படிக்கும். செல்வக்கனியின் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் போதும், அந்த இரண்டு செவ்வாய்க்கும் விளக்கம் ஆகிவிடும் என்று நினைத்தேன்.

மறுநாளே செல்வக்கனியிடம் போய்க் கேட்டேன். "எழுதுங்க மேடம். எல்லாத்தையும் எழுதுங்க. சீட்டு வேணும்னா இந்தா கொண்டு போங்க. புள்ள பாஸாவணும்" என்று சொல்லிப் பிளாஸ்டிக் கவரோடு அத்தனை காகிதத்தையும் என் கையில் திணித்தாள். மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. கல்யாணம் இன்னும் ஆகவில்லை.

அந்தக் கவரை எடுத்துக்கொண்டு மான்குர்த்துக்குப் போனேன். நான்காவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஷமீமாதான் கதவைத் திறந்தாள். உள்ளே கூப்பிட்டு, ஃபேனைப் போட்டு, தண்ணீர் கொடுத்தாள். அவள் உம்மா வந்து எதிரே உட்கார்ந்து, சான்பாடாவில் மாப்பிள்ளை பார்த்திருப்பதைச் சொன்னார். "படிப்புதான் இப்படி ஆயிட்டுது, ஒழுங்கா படிக்கலன்னு அதுவே சொல்லிட்டுது, என்ன செய்ய" என்றார்.

நான் பேச வாயெடுத்தேன். ஷமீமா என் மடியில் இருந்த கவரைப் பார்த்தாள். உடனே, "உம்மா, நீங்க கொஞ்சம் உள்ள இரிங்க. மேடத்துட்ட பேசிட்டு வாரேன்" என்றாள். அவர் உள்ளே போய்த் திரை விழும்வரை காத்திருந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அக்காவே உங்ககிட்ட சொல்லிட்டாகளா மேடம்?"

"சொன்னாங்க."

"நல்லா இருக்காகளா?"

"நல்லா இருக்காங்க." அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. "வீட்ல ஒழுங்கா படிக்கலன்னு ஏம்மா சொன்னே?"

"வேற என்ன சொல்ல மேடம்? அக்கா வீட்டுக்காரவுக வாப்பா கடையிலதான வேல பாக்காக."

படிவத்தை எடுத்து வைத்தேன். தவறு முழுக்க என்னுடையது, திருத்திவிடலாம், இரண்டு மாதத்தில் முடிந்துவிடும் என்று வேகவேகமாகச் சொன்னேன். அவள் படிவத்தை நிதானமாகப் படித்தாள். காரணம் என்று போட்டிருந்த பெரிய கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இதுல அக்கா விஷயத்த எழுதணுமா?"

"எழுதணும். அவங்க சம்மதிச்சுட்டாங்கம்மா. சீட்டெல்லாம் அவங்களே குடுத்தாங்க. எழுதுங்கன்னு அவங்க வாயாலயே சொன்னாங்க."

ஷமீமா தலையை ஆட்டினாள். "அது சம்மதம் இல்ல மேடம். நான் ஃபெயிலாயிட்டேன்னு தெரிஞ்சதும் அக்காவுக்கு மனசு கேக்கல, குடுத்துட்டாக. நமக்குக் கடமைப்பட்டிருக்கவங்க குடுக்குற சம்மதத்த எடுத்துக்கக் கூடாதுன்னு செகண்ட் இயர்ல நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க."

நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வருஷா வருஷம் களப்பணி தொடங்குமுன் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தேன். அறுபது எழுபது பேர் அதை நோட்டில் எழுதிக்கொண்டு பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கினார்கள்.

"உனக்கு வருத்தமே இல்லையாம்மா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இருக்கு மேடம். ரொம்ப இருக்கு" என்றாள். கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. "கவரை இன்னைக்கே அக்காட்ட குடுத்துருங்க மேடம். அடுத்த செக்கப்புக்கு அந்தச் சீட்டு வேணும்."

அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில், "மேற்பார்வையாளரின் தவறு" என்று இரண்டே சொல் எழுதி அனுப்பினேன். காரணம் போதாது என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன், மறுபடி வந்தது. ஓய்வு பெறும் வரை நான்கு முறை அனுப்பினேன். அவளுக்கு இன்றுவரை அந்தப் பட்டம் கிடைக்கவில்லை.